பதினாலாம் நம்பர் வீட்டு விசில்

அநியாயம் இழைக்கப்பட்டவர் என் அம்மா நாச்சியார். இழைத்தவர் என் அப்பா சிவதாணு. சாட்சி நான். நடந்த இடம், திருவனந்தபுரத்தில் எங்கள் தெரு ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் வருடந்தோறும் மீன மாதத்தில், அதாவது நம் பங்குனியில், நடத்தும் வசந்த ஊர்வலமும், அது போய்ச் சேரும் பார்க்கில் நடக்கும் பிக்னிக்கும்.

குற்றப்பத்திரிகையைச் சுருக்கமாகவே வாசிக்கிறேன். ஒன்பது வருடமாக அம்மா அந்த ஊர்வலத்தைப் பார்த்ததில்லை. தூரத்தில் செண்டைச் சத்தம் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். பிக்னிக்குக்கு வீட்டுக்கு ஒரு பதார்த்தம் என்பது வழக்கம். தெருவில் ஒரே தமிழ் வீடு எங்களுடையது. ஆகவே புளிச்சோறு நிரந்தரமாக எங்கள் தலையில். எண்பது பேருக்கு. முத்துக்குடையும் செண்டையுமாக ஊர்வலம் தெருத்தெருவாகச் சுற்றும்போது, அம்மா பார்க்கில் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காக்கா விரட்டிக்கொண்டிருப்பாள். அப்பா முன்வரிசையில் நடந்து, வியர்வையைத் துடைத்தபடி வந்து, அண்டாவுக்குள் கரண்டியை விட்டு ஒரே ஒரு சுற்று சுற்றுவார். பிறகு அறிவிப்பார்:

“கைப்பக்குவம் நம்மளது, கேட்டியளா! இவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.”

கைதட்டல். பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் அப்பா. இதுவரை ஒரு லட்சம் கரண்டி விற்றிருப்பார். பிடித்தது அந்த வருடாந்திரச் சுற்றுக்கு மட்டும்.

இந்த வருடம் அநியாயம் உச்சத்துக்குப் போனது. ஊர்வலத்தை நடத்திச் செல்கிறவர் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். வீட்டு நம்பர் வரிசைப்படி வருடத்துக்கு ஒரு வீட்டுக்கு அந்தக் கௌரவம். இம்முறை பதினாலு. எங்கள் வீடு. அப்பா பத்து நாள் முன்பே விசில் வாங்கிவந்து குளியலறையில் ஒத்திகை பார்த்தார். குக்கர் என்று நினைத்து அம்மா இரண்டு தடவை அடுப்பை அணைத்தாள்.

நான் எம்.ஏ. அரசியல் படிக்கிறேன். சும்மா இருக்க முடியுமா?

“அப்பா, விசில் வீட்டுக்குத்தானே? உங்களுக்குன்னு யாரு சொன்னா? அம்மா ஊதட்டும்.”

“அவ ஊதினா புளிச்சோறு யாரு கிண்டுவா?”

“நீங்க. கைப்பக்குவம் உங்களதுதானே?”

“மக்களே, தர்க்கமெல்லாம் யூனிவர்சிட்டில வச்சுக்கோ. ரோட்டுல ஒரு ஆம்பள முன்னால நிக்கணும்.”

“எதுக்கு?”

“பின்ன? பஸ் வராதா?”

பஸ்ஸுக்கும் ஆம்பளைக்கும் உள்ள தொடர்பை நான் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். அசோசியேஷனுக்கு நாலு பக்கம் புகார் எழுதி அம்மாவிடம் நீட்டினேன். கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

“நீ கொஞ்சம் மிண்டாம இரி மோளே” என்றாள்.

அம்மா மலையாளத்துக்கு மாறி வாயை மூடச் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஆனால் விஷயம் முடிந்த மாதிரி தெரியவில்லை. அன்றிலிருந்து அப்பாவிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

“இங்க பாருங்க, விசில கழுத்துல போட்டுக்கிடணுமா, கையில பிடிக்கணுமா?”

“கழுத்துல.”

“நிறுத்துறதுக்கு எத்தன ஊதணும்?”

“ஒண்ணு. போறதுக்கு ரெண்டு.”

“வளைவுல?”

“கைய நீட்டணும், இப்படி.” அப்பா என் பக்கம் திரும்பினார். “பாத்தியா, அவளுக்கு எம்புட்டு அக்கறை!”

எனக்கு அக்கறையாகத் தெரியவில்லை. பரீட்சைக்குப் படிப்பதுபோல இருந்தது. மூன்று நாள் சாயங்காலம் அம்மா அசோசியேஷன் செகரட்டரி ஜினி சேச்சி வீட்டுக்குப் போய்வந்தாள். எதற்கு என்று கேட்டேன். “கறிவேப்பிலைக்கு” என்றாள். அவர்கள் வீட்டில் கறிவேப்பிலைச் செடியே கிடையாது. போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நாலாம் நாள் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு ஜோடி புது கான்வாஸ் ஷூ கிடைத்தது. ஆறாம் நம்பர். எனக்கு எட்டு, அப்பாவுக்குப் பத்து. ஆறாம் நம்பர் கால் எங்கள் வீட்டில் ஒருத்திக்குத்தான் உண்டு. அவள் ரப்பர் செருப்பைத் தவிர எதையும் போட்டு நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை வாட்ஸ்அப் குரூப்பில் ஜினி சேச்சியின் செய்தி வந்தது. அப்பா மலையாளத்தைத் தமிழாக்கிச் சத்தமாக வாசித்தார்.

“நம்ம சிவதாணு அண்ணனின் புளிச்சோறு, இந்த வருடம் லைவ் கவுண்டர்! ரசிகர்களின் கண்முன்னால் அவரே கிண்டித் தருகிறார்! ” அம்மா பக்கம் திரும்பினார். “ஏட்டி, ரசிகருங்களாம்!”

கட்டைவிரல்கள் மளமளவென்று விழுந்தன. அப்பா உடனே ‘நான் ரெடி’ என்று தட்டிவிட்டு, மூன்று பூங்கொத்தும் போட்டார். அதற்கப்புறம்தான் செய்தியின் கடைசி வரிக்குப் போனார். ஞாயிறு காலை பத்து மணி.

ஊர்வலமும் பத்து மணிக்கு.

“ஏட்டி, பத்து மணிக்கு நான் ரோட்டுல இல்லா நிப்பேன்! கவுண்டருல நீ நில்லு.”

“ஐயோ, நான் எப்படிங்க? குரு நீங்க இருக்கும்போது சிஷ்யை கிண்டலாமா?”

“யாரு குரு?”

“நீங்கதான். ஒன்பது வருஷமா மைக் இல்லாமலே சொல்லுதீங்களே.”

“அது ஒரு பேச்சுக்குச் சொன்னது...”

“அப்ப அதையே குரூப்புல போட்டுருங்க. கிண்டத் தெரியாது, சும்மா சொன்னேன்னு.”

அப்பா போனை எடுத்தார். நாற்பத்தாறு கட்டைவிரல்களைப் பார்த்தார். போனை வைத்தார்.

“அப்ப விசிலு?”

“வீட்டு நம்பருக்குத்தானே குடுத்திருக்கு? நானும் பதினாலாம் நம்பர்லதான் இருக்கேன்.”

ஞாயிற்றுக்கிழமை. பார்க்கில் பூத்துத் தொங்கும் கொன்றை மரத்தடியில் நீள மேசை. அதன்மேல் ஆறின சோறு ஒரு அண்டா, அம்மா காய்ச்சி வைத்துவிட்டுப்போன புளிக்காய்ச்சல் ஒரு தூக்கு, நல்லெண்ணெய், ஒரு கிண்ணம் உப்பு. பின்னால் ஏப்ரன் கட்டிய அப்பா. எதிரே, நடக்க முடியாதவர்களும் நடக்கப் பிடிக்காதவர்களுமாக இருபது பேர், இருபது போன். ஜினி சேச்சி வீடியோ எடுத்தார். அப்பாவின் முன்னுரையே முக்கால் மணி நேரம் ஓடியது.

“சேட்டா, ருசி நோக்கண்டே?”

“ருசி பாக்குறதா? நானா?” அப்பா சிரித்தார். “கைப்பக்குவம் உள்ளவன் ருசி பாக்க மாட்டான். எல்லாம் கை அளவு!”

கைதட்டல். அப்பா காய்ச்சலை ஊற்றினார். எண்ணெய் ஊற்றினார். கை நிறைய உப்பை அள்ளினார். அப்படியே நின்றார்.

காய்ச்சலிலேயே உப்பு போட்டாகிவிட்டதா, இனிமேல்தான் போட வேண்டுமா? நாக்கில் ஒரு சொட்டு வைத்தால் தெரிந்துவிடும். எப்படி வைப்பது? அரை நிமிடம் முன்புதானே வீடியோவில் அப்படிச் சொல்லியிருக்கிறார். அப்பா என்னைப் பார்த்தார். நான் கொன்றைப் பூவைப் பார்த்தேன். உண்மையில் எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் பூவைத்தான் பார்த்திருப்பேன்.

“எத்ர உப்பாணு சேட்டா?”

“பொறுங்க. உப்பு காத்தோட்டத்துல நிக்கணும்.”

அப்போதுதான் செண்டை கேட்டது. பார்க் கேட்டுக்குள் ஊர்வலம் நுழைந்தது. முன்னால் ஆரஞ்சுத் தொப்பி, கழுத்தில் விசில், காலில் வெள்ளை ஷூ. அம்மா. அவள் ஒரு தடவை ஊதினாள். அறுபது பேர் நின்றார்கள். இரண்டு தடவை ஊதினாள். நடந்தார்கள். வளைவில் கையை நீட்டினாள், அப்பா காட்டியதைவிட நேராக. திரும்பித் திரும்பி முத்துக்குடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இவ்வளவு நாளும் சத்தமாக மட்டும் தெரிந்தது இப்படித்தான் இருக்குமா என்று சரிபார்ப்பதுபோல.

“கறிவேப்பிலை எடுத்துட்டு வாரேன்” என்று ஜினி சேச்சியிடம் சொல்லிவிட்டு அப்பா ஓடினார். ஒரு கையில் கரண்டி, மறுகையில் இன்னும் அந்த உப்பு. ஏப்ரன் பறந்தது. நேரே போய் ஊர்வலத்துக்குக் குறுக்கே நின்றார். செண்டை நின்றது.

“நாச்சியாரு,” குரல் கெஞ்சியது, “காய்ச்சல்ல உப்பு போட்டியா, போடலியா? அத மட்டும் சொல்லிரு. மானம் போவுது.”

அம்மா விசிலை வாயிலிருந்து எடுத்தாள். கரண்டியைப் பார்த்தாள். ஏப்ரனைப் பார்த்தாள். பின்னால் வண்ணத்துப்பூச்சி வேஷத்தில் வெயிலில் நெளியும் பிள்ளைகளைப் பார்த்தாள்.

“சார், கொஞ்சம் ஓரமா நில்லுங்க. ஊர்வலம் போகட்டும்.”