மூன்று ஆலோசகர்களும் ஒரு கொல்லைக் கிழங்கும்

வடக்கனந்தல்,
புரட்டாசி மாதம், 1987.

அன்பும் மரியாதையும் உரித்தாகுக. மாப்பிள்ளை திரு. தமிழரசன் அவர்களுக்கு மாமனார் பூமாலை எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதுவது முறை என்பதால் அப்படியே எழுதியிருக்கிறேன். தில்லியில் நீங்களும் எங்கள் பெண் விஜயலட்சுமியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருக்க மாட்டீர்களா பின்னே, உங்கள் கொல்லையிலா கிழங்கு அழுகுகிறது?

மாப்பிள்ளையிடம் மாமனார் குரலை உயர்த்தக் கூடாது என்பது எனக்கும் தெரியும். கல்யாணமாகி இன்னும் தலை தீபாவளிகூட வரவில்லை. ஆகையால் இந்தக் கடிதத்தில் எங்கேயாவது கோபம் தெரிந்தால் அது உங்கள் ஆபீஸ் மேல் உள்ள கோபம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேலேயே என்று தோன்றினால், அந்த இடத்தில் மை கொட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆவணியில் ஒரு கடிதம் போட்டீர்கள். மத்திய சர்க்காருக்குப் பொருளாதார ஆலோசனை சொல்கிற ஆட்கள் ஏகப்பட்ட பேர் ஆகிவிட்டார்கள், நிதிக்கு ஒரு கூட்டம், விவசாயத்துக்கு ஒரு கூட்டம், திட்டம் போடுவதற்கு ஒரு கூட்டம், ஒருவர் சொல்வது இன்னொருவருக்குத் தெரிவதில்லை, இவர்களை எப்படி உட்காரவைத்தால் ஆலோசனை ஒழுங்காக மேலே போய்ச் சேரும் என்று ஆலோசனை சொல்ல ஒரு குழு போட்டிருக்கிறார்கள், அதில் எனக்கும் கடைசி நாற்காலி கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அந்தக் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். அதிலேயே கீழே, ஒரு பயிரைப் பற்றிய சேதி கொல்லையிலிருந்து மந்திரி மேசைவரை எப்படிப் போகிறது என்று பார்க்க மூன்று பெரியவர்கள் புறப்பட்டு வருகிறார்கள், பயிர் மரவள்ளி, கொல்லை நிலம் நம்முடையது, அவர்கள் கேட்பதையெல்லாம் செய்து கொடுங்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அதை நான் டீக்கடையில் படிக்கவில்லை. படித்திருந்தால் யாராவது ஒருத்தன் அப்போதே என்னைத் தடுத்திருப்பான்.

வந்தார்கள். முதலாமவர், எங்கள் ஊர் கல்வராயன் மலை பக்கம் என்று கேள்விப்பட்டு, இந்த வெயிலில் முழுக்கைக் கம்பளிச் சட்டையோடு இறங்கினார். இரண்டாமவர் கையில் குடை. வீட்டுக்குள்ளேயும் அதைக் கீழே வைக்கவில்லை. மூன்றாமவர் மெட்ராஸ் காலேஜ் ஒன்றில் பாடம் நடத்துகிறவர், சோடாபுட்டிக் கண்ணாடி. அவருக்கு மட்டும்தான் தமிழ் தெரியும் என்பதால் மற்ற இருவர் பேசுவதை எங்களுக்கும், நாங்கள் பேசுவதை அவர்களுக்கும் அவர்தான் சொன்னார். நாங்கள் நீளமாகச் சொன்னதை அவர் சுருக்கமாகச் சொன்னார். அவர்கள் சுருக்கமாகச் சொன்னதை எங்களுக்கு நீளமாகச் சொன்னார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வந்த அன்றைக்கே என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து உங்கள் குழுவின் சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். ஆலோசகர்கள் எல்லோரையும் ஒரே அறையில் போட்டு, அவர்களுக்கு ஒரு தலைவர் வைத்து, அந்தத் தலைவர் ஒருவர் மட்டும் மந்திரியைப் பார்க்க வேண்டும் என்றார் கம்பளிக்காரர். அந்தத் தலைவர் யார் என்பதை அவர் சொல்லவில்லை, ஆனால் சொல்லும்போது சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அதெப்படி, இலாகாவுக்கு ஒரு ஆலோசகர் அவரவர் இடத்திலேயே இருக்க வேண்டும், மந்திரிகள் நாலு பேர் சொல்வதையும் கேட்கட்டும் என்றார் குடைக்காரர். சர்க்கார் சம்பளம் வாங்குகிற எவனும் வாயைத் திறக்க மாட்டான், என்னைப் போல வெளியாட்கள் வந்து சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்றார் கண்ணாடிக்காரர். போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்றவர்தான் எங்கள் வீட்டை விட்டுக் கடைசியாகக் கிளம்பியவர்.

உங்கள் மாமியார் ராணியம்மாளின் சமையற்கட்டு வரைக்கும் இந்த விவகாரம் போனது. மூன்று பேரின் ஆலோசனையும் கண்ணாடிக்காரர் வாய் வழியாகத் தனித்தனியாக வந்திருக்கிறது. என்னிடம் வந்து சொன்னாள்: "இன்னாங்க இது! ஒருத்தரு சோறு கொழையட்டும்ங்கறாரு, ஒருத்தரு வெரப்பா இருக்கட்டும்ங்கறாரு, இந்தக் கண்ணாடிக்காரரு உப்பு கம்மியா போடுங்கறாரு. நான் யாரு பேச்ச கேக்கறது?"

"யார் பேச்சைக் கேட்டே?" என்றேன்.

"எல்லாத்துக்கும் தலைய ஆட்டிட்டு நான் எப்பவும் வடிக்கிற மாதிரிதான் வடிச்சேன். மூணு பேரும் தான் சொன்ன மாதிரியே இருக்குதுன்னு சாப்ட்டுக்கினு இருக்கறாங்க."

உங்கள் மந்திரிகள் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இது வரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். இனிமேல் சொல்வதைக் கேட்டால் சிரிப்பு வராது. கொல்லையில் எவ்வளவு விளைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார்கள். சரி, நாலு செடி பிடுங்கிக் காட்டுகிறேன் என்றேன். கம்பளிக்காரர் நாலு செடி போதாது, கிழக்குப் பக்கம் முழுக்கப் பிடுங்கி நிறுக்க வேண்டும் என்றார். பிடுங்கினோம். அவர் நிறுத்ததைக் குடைக்காரர் நம்பவில்லை. தனக்கென்று தனியாக மேற்குப் பக்கம் பிடுங்கச் சொன்னார். இந்த இரண்டு பேரும் சர்க்கார் ஆட்கள், கணக்கைக் கூட்டிக் குறைப்பார்கள், எனக்கென்று நடுவில் உள்ளதைப் பிடுங்குங்கள் என்றார் கண்ணாடிக்காரர். கிழக்கு, மேற்கு, நடு போனபிறகு ஒரு கொல்லையில் என்ன மிச்சம் இருக்கும்? வரப்புதான் இருக்கும், மாப்பிள்ளை.

மரவள்ளியைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நீங்கள் பிறந்ததே சின்னசேலம் பக்கம், தவழ்ந்ததே கிழங்குக் குவியலில். பிடுங்கிய கிழங்கு இரண்டு நாளுக்குள் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக்குப் போயாக வேண்டும், இல்லையென்றால் உள்ளே கறுத்துப்போகும். கொல்லை ஓரத்தில் லாரி வந்து நிற்காமல் எவனும் செடியில் கை வைக்க மாட்டான். ராணியம்மாள் என் துண்டைப் பிடித்து இழுத்தாள். "லாரி வராம புடுங்காதீங்க. சொல்லுங்க அவங்ககிட்ட!" என்றாள். நான் சொல்லவில்லை. மாப்பிள்ளை அனுப்பிய ஆட்கள், முகம் கோணக் கூடாது, மாப்பிள்ளைக்கு ஆபீஸில் தலைகுனிவு வந்துவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கொல்லைதான் உங்கள் தலை தீபாவளி. உங்களுக்கு வேட்டி சட்டை, விஜயலட்சுமிக்குப் புடவை, பலகாரம், பட்டாசு எல்லாம் அந்த மண்ணுக்குள்தான் இருந்தது.

பிடுங்கி முடித்த மறுநாள் விடிந்தால் ரோட்டில் மரம். உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் வரைக்கும் மரங்களைச் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள், ஒரு வண்டி நகரவில்லை. இடஒதுக்கீட்டுப் போராட்டம் அந்த வாரம் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். எனக்கும் தெரியும். உங்கள் மூன்று பெரியவர்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அது எந்த இலாகாவில் வரும் என்று முடிவாகவில்லையாம்! சின்னசேலம் லாரிக்கார இருசப்பன் சைக்கிளில் வந்து கையை விரித்துவிட்டான். "அண்ணே, லாரி வூட்டுலயே நிக்குது. நான் இன்னா பண்ணட்டும், தலைமேல தூக்கிக்கினு வரட்டுமா?" என்றான்.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. அந்த ரோட்டில் நானும்தான் போய் உட்கார்ந்திருந்தேன். உட்காராமல் எப்படி? நம் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்கிறார்கள், நியாயமான கோரிக்கை. காலையில் ரோட்டில் உட்கார்ந்து கோஷம் போடுவேன். மத்தியானம் கொல்லைக்குப் போய்க் கிழங்கை உடைத்துப் பார்ப்பேன். என் கிழங்கு லாரியை மட்டும் எப்படியாவது விடச் சொல்லலாம் என்றால், நானே மறித்துக்கொண்டு இருக்கிற ரோட்டில் நான் யாரிடம் போய்க் கேட்பது? சீவிக் காயப்போட்டாவது வைப்போம் என்று அரிவாளை எடுத்தோம். மழை பிடித்துக்கொண்டது. குவியலைப் பக்கத்தில் போய் முகர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அழுகை வந்தது, மறைப்பானேன்.

வண்டி இல்லாமல் மூன்று பேரும் எங்கள் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார்கள். கொல்லையில் கிழங்கு கறுக்கிறது, முற்றத்தில் இவர்கள் அந்தச் சேதியை மேலே சொல்வது நிதியா, விவசாயமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, பிடுங்கினால் இரண்டு நாள்தான் தாங்கும் என்பதுகூடத் தில்லியில் யாருக்கும் தெரியாதா?" என்று கண்ணாடிக்காரரிடம் கேட்டேன்.

கையில் இருந்த கோப்பை அப்போதுதான் அடிவரைக்கும் புரட்டிப் பார்த்திருந்த அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தெரியாம என்னங்க? உங்க மாப்பிள்ளையே எழுதிக் கொடுத்தாரே."

நீங்கள் எழுதியது, பிடுங்கிய கிழங்கு இரண்டு நாளில் அழுகிவிடும் என்று. அது உங்களுக்கு மேலே உள்ள மேசைக்குப் போனபோது, அழுகிவிடும் என்பது கடுமையாக இருக்கிறது என்று, 'கிழங்கு விரைவில் தரம் குறையக்கூடும்' என்று ஆயிற்றாம். அதற்கு மேல் மேசையில், விரைவில் என்றால் அவசரப்படுத்துவது போல இருக்கிறது என்று, 'கிழங்கின் தரம் கவனிக்கத்தக்கது' என்று மாறிற்றாம். அதற்கும் மேலே போனபோது, கிழங்கு தரமானது! இந்த மூன்று பேர் கைக்கு வந்து சேர்ந்தது அதுதான். தரமான கிழங்கு, போய்ப் பிடுங்கிப் பாருங்கள்.

"கூட்டத்துல அவர் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவம், கடைசி நாற்காலி, ரொம்ப அடக்கமான பையன்" என்று உங்களைப் பாராட்டினார்.

மாப்பிள்ளை! இந்த அடக்கத்துக்கா உங்கள் அப்பா நிலத்தை விற்றுப் படிக்க வைத்தார்? அந்த அறையில் மரவள்ளிச் செடியைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். கம்பளிக்காரருக்குக் கிழங்கு செடியில் காய்க்கிறதா மண்ணில் விளைகிறதா என்று தெரியாது, அவர் பேசுகிறார். உங்களுக்குத் தெரியும், நீங்கள் பேசமாட்டீர்கள். இங்கே ஊர் ஊராக நம் சனம் ரோட்டில் உட்கார்ந்து அந்த அறையில் ஒரு நாற்காலி கேட்கிறது. அங்கே நாற்காலி கிடைத்த நீங்கள் அதில் உட்கார்ந்துகொண்டு இன்னா பண்ணீங்க? பேனாவை மூடிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டீர்களா? கடைசி நாற்காலியானால் என்ன, அதிலிருந்து எழுந்து நின்றால் எல்லோருக்கும் தெரியத்தானே செய்யும்?

அந்த மூன்று பேரும் கிளம்பிப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். ரோடு திறக்கும் வரை இருக்க முடியாது என்று மலையை நடந்தே தாண்டிச் சேலம் பக்கம் இறங்க முடிவு செய்தார்கள். மலைமேல் வெள்ளிமலையிலிருந்து சாமை மூட்டையோடு கீழே வந்திருந்த ஆண்டி என்கிறவனை வழிகாட்டியாகச் சேர்த்துவிட்டேன். அதிலும் கண்ணாடிக்காரர் காபி வேண்டுமென்று பின்தங்கி, அப்புறம் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார். மறுவாரம் ஆண்டி வந்து என்னிடம் சண்டை பிடித்தான். "இன்னா மனுசங்களைங்க அனுப்புனீங்க? தடம் பிரியற எடத்துல எல்லாம் நின்னுக்கறாங்க. மூணு பேரும் மூணு தடத்துல போவணும்ங்கறாங்க. நான் ஒருத்தன்தானுங்களே இருக்கறேன்!" என்றான்.

ஆகவே மாப்பிள்ளை, முடிவாகச் சொல்கிறேன். ஆலோசகர்களை ஒரே அறையில் உட்காரவையுங்கள், அறைக்கு ஒருவராக உட்காரவையுங்கள், மரத்தடியில் உட்காரவையுங்கள், அது உங்கள் பாடு. கீழே இருக்கிறவன் எழுதிய வரியை நடுவில் இருக்கிற எவனும் திருத்தக் கூடாது. உங்கள் குழு இந்த ஒன்றைச் சொல்லட்டும். அதை நீங்கள் எழுந்து நின்று சொல்லுங்கள். சொல்லும் வரைக்கும் தலை தீபாவளிக்கு இந்த வாசற்படி மிதிக்க வேண்டாம். ஆமாம், அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இந்த இடத்தில் மை எதுவும் கொட்டவில்லை.

நீங்களும் விஜயலட்சுமியும் குறைவில்லாமல் நீடூழி வாழ எங்கள் குலதெய்வம் துணை நிற்கட்டும். அவளுக்கு எங்கள் ஆசி. தில்லியில் குளிர் ஆரம்பித்ததும் காதை மூடிக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
கோபத்துடன்,
மாமனார் பூமாலை.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, உங்கள் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "மாப்ளைக்கு எழுதற லெட்டரா இது? பொண்ணு அங்க பொழைக்கணுமா வேணாவா? தீபாவளிக்கு வராதன்னு எழுதற வாய்ல இன்னா வைக்கறது?" என்று அந்தப் பத்தியை எடுக்கச் சொன்னாள். அவள் தம்பி, கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிற சுபாஷ், வந்திருந்தான். "சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு அழுகிப்போச்சுன்னு எழுதக் கூடாது மாமா, வில்லங்கம் ஆயிடும்" என்று கிழங்கு உள்ள இடங்களையெல்லாம் சரிசெய்தான். சரிசெய்ததில் மிச்சம் இருந்த கோபத்தை ராணியம்மாள் மறுபடி பார்த்து எடுத்துவிட்டாள். நல்ல தாளில் நான் எழுதினேன். அது வேறு உறையில் உங்களுக்கு வரும். அதில் உள்ளது இவ்வளவுதான்: இவ்விடம் அனைவரும் சுகம். கிழங்கு நல்ல விளைச்சல். வந்திருந்த பெரியவர்கள் திருப்தியுடன் திரும்பினார்கள். தலை தீபாவளிக்கு அவசியம் வரவும்.

அதுதான் முறையான கடிதம். அதற்கே பதில் போடுங்கள், இதைப் பார்க்காதது போல இருந்துவிடுங்கள். சுபாஷ் அந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போனபிறகு இதை நான் தனியாகப் போடுகிறேன். அந்தக் கடிதத்தில் கையெழுத்து என்னுடையதுதான். யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை. எங்கள் வீட்டில் இருக்கிற மேசையே ஒன்றுதான், அதைத் தாண்டி வருவதற்குள்ளேயே என் கையாலேயே அழுகல் நல்ல விளைச்சல் ஆகிவிட்டது. நீங்கள் வாருங்கள், மாப்பிள்ளை. பழைய வேட்டியோடு பரவாயில்லை என்றால் வாருங்கள்.