சனிக்கிழமை அவரை உரிக்க வர வேண்டாம்

மதிப்புக்குரிய கொழுந்தனார் அவர்களுக்கு உங்கள் அண்ணி எழுதிக்கொள்வது. நலம் என்று தொடங்கவேண்டும் என்பது தெரியும். இருக்கிறேன். நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகள் இரண்டும் சுகமாக இருக்கவேண்டும். நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்தில் தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை போனில் சொன்னீர்கள். "அண்ணி, வண்டியில அண்ணன் ஸ்டிக்கர் ஒட்டி மூணு வருஷம் முடிஞ்சுபோச்சு. இதுக்கு மேல விட்டா வெயில்ல வெந்து பெயிண்ட்டோட பிடிச்சுக்கும். அப்புறம் உரிச்சா தோல் தோலாத்தான் வரும். சனிக்கிழமை நானே சூடு காத்து மெஷினோட வந்து எடுத்துடுறேன்" என்றீர்கள். நான் "சரி தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன். சரி என்று சொன்னது நான் இல்லை, என் பயம். உங்கள் குரல் போனில் அப்படியே அவர் குரலாக இருக்கிறது. அவர் இருந்தவரைக்கும் அந்தக் குரலோடு ஒரு நாளைக்கு நாலு தடவை சண்டை போட்டவள்தான், இப்போது அதைக் கேட்டாலே எதற்கும் சரி என்றுதான் வாயில் வருகிறது. தோல் தோலாக வரும் என்று நீங்கள் சொன்னதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் கடிதம். நாளைக்கு உங்கள் ஊருக்குப் போகிற பார்சல் வண்டியில் கொடுத்துவிடுகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும்.

தம்பி, வர வேண்டாம். உரிக்க வேண்டாம். உங்களுக்கு இது கடையில் நாளைக்கு நாலு வண்டிக்குச் செய்கிற வேலை. எனக்கு அப்படி இல்லை. வீட்டில் மாட்டியிருக்கிற படம் லைசென்ஸுக்கு எடுத்தது, அதில் அவர் பர்ஸ் திருடிப் பிடிபட்ட ஆள் மாதிரி முழிக்கிறார். கல்யாணப் போட்டோவில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். வண்டியில்தான் சிரிக்கிறார். நீங்கள் எடுத்த படம். பூச்சிமருந்து பீச்சுகிற குழாயைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, என்னமோ காதில் சொல்லி, அந்த முன்பல் இடைவெளி தெரியச் சிரிக்க வைத்தீர்கள். அதை ஆறடிக்கு அச்சடித்து, தலையும் தோளும் தூக்கின கையுமாக ஓரம் பார்த்து வெட்டி, வண்டியின் இந்தப் பக்கம் ஒட்டினீர்கள். அந்தப் பக்கம் மல்லாந்து கிடக்கிற கரப்பான் பூச்சி. மூலப்படம் இருந்த கம்ப்யூட்டர் கெட்டு எல்லாம் அழிந்துபோனது என்று நீங்களே சொன்னீர்கள். அவர் கூட மருந்தடித்த நம்ம ஒட்டடைக்குச்சி போனில் வண்டியைப் படம் எடுத்துக் கொடுத்தான், அதில் அவர் கன்னத்தில் எதிர்வீட்டு ஜன்னல் தெரிகிறது. ஆக உலகத்திலேயே அவர் சிரிக்கிற படம் அந்த ஒன்றுதான். அவர் போய் எட்டு மாதம் ஆகிறது.

இப்போது உங்களிடம் மறைக்காமல் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. எப்படியும் ஒரு நாள் பார்க்கத்தான் போகிறீர்கள், பார்த்து மயங்கி விழுவதை விட உட்கார்ந்து படிப்பது நல்லது. ஸ்டிக்கர் நாள்பட வரவேண்டுமென்றால் என்னென்ன செய்யவேண்டும் என்று ஒட்டின அன்றைக்கு நீங்கள் சொன்னதையெல்லாம் நான் மருந்துப் பெட்டி அட்டையின் பின்னால் எழுதிவைத்திருந்தேன். பிரஷ் போடக்கூடாது, மெத்தென்ற துணி, குழந்தைக்குப் போடுகிற மாதிரி ஷாம்பு, தண்ணீரை ஓரத்தில் பீச்சக்கூடாது, நிழலில் நிறுத்தவேண்டும், பறவை எச்சம் காய விடக்கூடாது, டீசல் பட்டால் உடனே துடைக்கவேண்டும். அவர் இருந்தபோது இதில் ஒன்றையும் யாரும் செய்யவில்லை, வண்டி பாட்டுக்கு ஓடியது. அவர் போனபிறகு அந்த அட்டையை எடுத்து ஒன்று விடாமல் செய்ய ஆரம்பித்தேன். வினை அங்கேதான் பிடித்தது.

முதலில் காது. ஒட்டடை (ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், இன்னும் ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுகிறோம்) என்னிடம் கேட்காமல் வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு விட்டுவிட்டான். கேள்விப்பட்டு, போட்ட செருப்பு மாறிப்போனது கூடத் தெரியாமல் ஓடினேன். நான் போகும்போது அங்கே ஒரு ஆள் குழாயை நேராக அவர் காதுக்குக் கொடுத்துப் பீச்சிக்கொண்டிருக்கிறான். "ஐயோ, காதுல அடிக்காதீங்க! காதுல அடிக்காதீங்க!" என்று கத்தினேன். அந்த ஆள் பாவம், குழாயை விட்டுவிட்டுத் தன் காதைப் பொத்திக்கொண்டான். குழாய் தரையில் பாம்பாகச் சுழன்று ஒட்டடையை முழுசாக நனைத்துவிட்டது. அதற்குள் காது ஓரம் ஒரு விரல் அளவுக்குக் கிளம்பிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், காற்றடித்தால் காது ஆடுகிறது. சூடு காட்டினால் ஒட்டும் என்று நீங்கள் ஒரு தடவை சொன்ன ஞாபகம். உங்கள் மெஷின் என்னிடம் ஏது? துண்டை மடித்து வைத்து அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். தம்பி, திட்டாதீர்கள். காது ஒட்டிக்கொண்டது, ஆனால் உலர்ந்த திராட்சை மாதிரி சுருங்கிவிட்டது.

அடுத்தது வெயில். மத்தியானத்துக்கு மேல் தெருப்பக்கம் வெயில் காய்கிறது, அவர் அந்தப் பக்கம் பார்த்துத்தான் மூன்று வருஷமாக நிற்கிறார். நெற்றி வெளுத்துக்கொண்டு வருகிறதோ என்று எனக்குத் தோன்றியது, தோன்றினால் அப்புறம் வேறு எதுவும் ஓடாது. ஒட்டடையை விட்டு வண்டியைத் திருப்பி, அவர் முகம் நம் வீட்டு ஜன்னலைப் பார்க்க, கரப்பான் தெருவைப் பார்க்க நிறுத்தச் சொன்னேன். நிம்மதியாக ஒரு நாள் போனது. மறுநாள் காலையில் எதிர்வீட்டு டீச்சர் பல் துலக்குகிற பிரஷோடு வந்து நிற்கிறார்.

"ஏம்மா, அந்தக் கரப்பானைப் பாத்துக்கிட்டு மனுஷி எப்படிம்மா பல்லு தேய்க்கிறது? உங்க வீட்டுக்காரரைத் திருப்பி வைங்க. மூணு வருஷமா அவர் சிரிக்கிறதைப் பாத்துத்தானே தேய்ச்சேன்!"

"அவருக்கு வெயில் ஆகலைங்க டீச்சர்."

"எனக்குக் கரப்பான் ஆகலைம்மா!"

எனக்குச் சுருக்கென்றது. நான் இவரைப் பார்த்து ஒரு நாளும் பல் துலக்கினதில்லையே, இந்த அம்மா மூன்று வருஷமாகப் பார்த்திருக்கிறாரே என்று. ஆனாலும் கேட்டவர் டீச்சர். கடைசியில் காலையில் அவர் டீச்சரைப் பார்ப்பது, பன்னிரண்டு மணிக்கு மேல் என்னைப் பார்ப்பது என்று பேசி முடித்தோம். தினம் ரெண்டு தடவை வண்டியைத் திருப்புகிறான் ஒட்டடை. "அக்கா, நான் மருந்தடிக்கிறவனா, இல்ல அண்ணனைப் புரட்டிப் போடுறவனா?" என்று கேட்டான். திருப்புகிற தொல்லை வேண்டாம் என்று பழைய படுக்கை விரிப்பால் மூடிப் பார்த்தேன். காற்றில் விரிப்பு அடித்து அடித்து, உள்ளே இருந்த மண் உரசி, கன்னம் முழுக்கப் பூனை பிறாண்டின மாதிரி கோடு. அதைப் பார்த்த அன்றைக்கு நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

புறா கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புருவத்தில் எச்சம் போட்டுவிட்டது. காய்ந்ததைச் சுரண்டினால் ஸ்டிக்கர் போய்விடும், ஈரத்துணி போட்டு ஊறவிட்டு எடுக்கவேண்டும் என்று அட்டையில் இருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறி, நனைத்த துணியை நெற்றியில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் வந்த ஒட்டடை பார்த்துவிட்டு, "அக்கா, அண்ணனுக்குக் காய்ச்சலா?" என்றான். சிரிக்கத்தான் சொன்னான். எனக்குத்தான் துணியை எடுக்கக் கை வரவில்லை. கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு நாள் கூட நான் நெற்றியில் துணி போடவில்லை தம்பி. யாரோ வீட்டுச் சமையலறையில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார் என்று சொன்னார்கள், நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எச்சம் எப்போதோ ஊறிவிட்டது. நான் அரைமணி நேரம் நின்றேன்.

டீசல் மூடி இருப்பது அவர் வாயில் என்பது உங்களுக்கே தெரியும், நீங்கள் ஒட்டினதுதான். அவர் இருந்தபோது, "மத்தவன் சாப்பிட்டுட்டுச் சிரிப்பான், நான் சிரிச்சிக்கிட்டே சாப்பிடுவேன்" என்று பெட்ரோல் பங்கில் எல்லாரையும் சிரிக்கவைப்பாராம். இப்போது டீசல் போடும்போதெல்லாம் நான் கூடவே போய், மோவாய்க்குக் கீழே துணி பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும்.

இதையெல்லாம் விடப் பெரிய வினை கதவு. வண்டியின் பக்கத்துக் கதவை இழுத்துத் திறந்தால் முகம் ரெண்டாகி, பாதி மூக்கு பின்னால் போய்த் தோளில் நிற்கிறது. முன்பு நான் கவனித்ததே இல்லை. இப்போது பார்க்க முடியவில்லை, வெட்டின இடத்தில் ஓரம் வேறு கிளம்புகிறது. அதனால் அந்தக் கதவைத் திறக்கவே கூடாது என்று சொல்லிவிட்டேன். மருந்து டிரம்மைப் பின்பக்கமாக ஏற்றி, பின்பக்கமாகவே இறக்கி, ஒட்டடைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ரெண்டு ஓட்டல்காரர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். போன வாரம் ஒட்டடை வாசலில் நின்று, "அக்கா, கோவிச்சுக்காதீங்க. அண்ணன் முகத்தைக் காப்பாத்துறோம்னு அண்ணன் தொழிலைச் சாகடிச்சுடுவோம் போல" என்றான். உள்ளே போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தேன், ஏற்கெனவே தேய்த்த பாத்திரம்.

இதில் ஒன்று கேளுங்கள். அந்தப் பக்கத்துக் கரப்பானை இந்த எட்டு மாதத்தில் யாரும் கழுவவில்லை, துடைக்கவில்லை, வெயிலில் நிற்காதே என்று சொல்லவில்லை. நேற்று ஒட்டின மாதிரி பளபளவென்று இருக்கிறது. அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆகவே தம்பி, உங்கள் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்கிறேன். எது வந்தாலும் உரிக்காதீர்கள். மேலே கண்ணாடி மாதிரி இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டி அப்படியே வைக்க முடியுமா என்று யோசியுங்கள். பெயிண்ட் போனால் போகட்டும், வண்டியே துருப்பிடித்துப் போகட்டும். அந்த இடம் வெறுமையாக நிற்கிறதைக் காலையில் எழுந்து பார்க்கவேண்டுமே என்பதுதான் என் பயம். அவரை ஒரு தடவை வெளியே கொண்டுபோனதைப் பார்த்துவிட்டேன். இன்னொரு தடவை, அதுவும் உங்கள் கையால், சுருட்டி எடுத்துப் போவதைப் பார்க்க என்னால் ஆகாது.

பிள்ளைகளை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். சின்னவளுக்குப் பல் விழுந்துவிட்டதாமே, புதுப்பல் இடைவெளியோடு வந்தாலும் கம்பி கட்டிச் சரிசெய்ய வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லுங்கள். நீங்கள் எல்லாரும் நீண்ட நாள் சிரித்துக்கொண்டு இருக்கவேண்டும் என்று நினைத்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி.

பின்குறிப்பு: மேலே உள்ளதெல்லாம் புதன்கிழமை எழுதினது. இன்றைக்கு வியாழன். பார்சல் வண்டிக்கு நேரம் இருந்ததால், காதுக்குக் கீழே தங்கின மண்ணைத் துடைக்கலாம் என்று ஓரத்தை லேசாகத் தூக்கினேன். உள்ளே பெயிண்ட் கருநீலம். நாம் வண்டி வாங்கின அன்றைக்கு இருந்த நீலம். வெளியே மூன்று வருஷ வெயிலில் துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை மாதிரி இருக்கிறதே, அதுவும் இதே வண்டிதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னும் கொஞ்சம் தூக்கினேன். அப்புறம் நிறுத்தவில்லை. மத்தியான வெயிலில் ஸ்டிக்கர் இளகி இருந்தது. தோல் தோலாக வரும் என்றீர்கள், வரவில்லை, கதவில் ஒன்று வண்டியில் ஒன்று என்று ரெண்டே துண்டாக வந்தது. நானேதான் உரித்தேன் தம்பி. உரித்த இடத்தில் கருநீலத்தில் அவர் நிற்கிறார். கண்ணும் இல்லை மூக்கும் இல்லை, தலையும் தோளும் தூக்கின கையும் அப்படியே. ஒட்டடை வந்து பார்த்தான். அப்புறம் பக்கத்துக் கதவை நானே திறந்துவிட்டேன், டிரம்மை ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறான். பழைய ஸ்டிக்கரை உரித்ததும் வண்டி முழுக்கப் பாலிஷ் போட்டு ஒரே நிறமாக்கிவிடுவது உங்கள் கடை வழக்கம் என்று அவன் போகும்போது சொல்லிவிட்டுப் போனான், அதிலிருந்து எனக்கு மறுபடியும் உதறல் எடுத்திருக்கிறது. அதனால் சனிக்கிழமை கட்டாயம் வாருங்கள், தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பாலிஷ் டப்பாவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.