தொம்சன் துரையின் கையெழுத்து

அமெரிக்காவில் அடிமைமுறை உடனடியாக ஒழிக்கப்பட வேண்டும் என்ற தீர்மானம், பாரிஸ் லா சப்பலில் 2016ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பதினேழாம் திகதி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது. அந்த வேலையை அமெரிக்கர்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னமே முடித்துவிட்டார்கள் என்பது கூட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாதது அல்ல. ஆனாலும் முறைப்படி பதிவு செய்யப்பட்ட ஒரு மன்றம் தன் நிலைப்பாட்டைச் சொல்லாமல் இருக்கலாமோ?

உண்மையான காரணம் மண்டபம். வடபாரிஸ் தமிழர் சமூக முன்னேற்ற மன்றத்துக்கு ஆண்டுவிழா வைக்க ஒரு நகரசபை மண்டபம் தேவைப்பட்டது. மார்ச் மாதம் சமத்துவ வாரம் வருகிறது, அதில் ஒரு தலைப்பைப் பொறுப்பெடுக்கிற சங்கங்களுக்குத்தான் மண்டபம் என்று நகரசபை சொல்லிவிட்டது. எங்கட ஆட்கள் வழக்கம்போலப் பிந்திப் போய்ச் சேர, மிச்சம் கிடந்தது மூன்று தலைப்பு. தேனீ வளர்ப்பு, பழைய சைக்கிள், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் அடிமை ஒழிப்பும் சமூக சீர்திருத்தமும். தேனீயைப் பற்றிப் பேச மன்றத்தில் ஒருத்தரும் இல்லை. சைக்கிளைப் பற்றியென்றால் எல்லாரும் பேசுவார்கள், கடைசியில் அடிபாட்டில் முடியும். ஆகவே அடிமைகள் விடுவிக்கப்பட்டார்கள்.

கூட்டம் நடந்தது மகாலிங்கத்தின் சாப்பாட்டுக்கடை மேல்மாடியில். மகாலிங்கம்தான் மன்றத் தலைவர், கடை முதலாளியும் அவர்தான். அவர் மேலே தென் கரோலினாவை விடுவித்துக்கொண்டிருந்த நேரம், கீழே குசினியில் கஜன் புரியாணிச் சட்டியை உரஞ்சிக்கொண்டிருந்தான்.

கஜனுக்கு ஒரு சின்னச் சிக்கல். அவன் கஜன் இல்லை. பிரெஞ்சு அரசாங்கத்தின் பதிவேடுகளின்படி, ஐந்து வருஷமாக அந்தக் குசினியில் தட்டுக் கழுவிவருபவர் ஸ்ரனிஸ்லாஸ் என்ற மன்னார்க்காரர், வயது ஐம்பத்தாறு. கஜனுக்கு முப்பத்துநாலு. அகதி வழக்கு இரண்டு தரம் தள்ளுபடியானபிறகு, பாரிஸ் புறநகர் ஸ்தேனில் இருந்த ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையின் ‘காட்’ எனப்படும் விசா அட்டையை வாங்கிக்கொண்டு வேலைக்குச் சேர்ந்தவன். காட்டில் இருந்த படத்துக்கு மொட்டைத்தலை, கஜனுக்குச் சுருட்டை முடி. ஒரு அதிகாரியும் இன்றுவரை வித்தியாசம் கண்டுபிடித்ததில்லை. இவன் கழுவுகிற ஒவ்வொரு தட்டுக்கும் ஸ்தேனில் படுத்திருந்த ஸ்ரனிஸ்லாஸுக்கு ஓய்வூதியம் வளர்ந்துகொண்டிருந்தது.

இப்போது ஒரு வழி பிறந்திருந்தது. பதினாலு மாதம் காத்திருந்து, விசாக் கந்தோரில் மார்ச் பதினைந்தாம் திகதிக்கு ஒரு சந்திப்பு கிடைத்திருந்தது. கையில் இல்லாதது ஒரேயொரு கடிதம். ஸ்ரனிஸ்லாஸ் என்ற பெயரில் வேலை செய்தது கஜன்தான், இருவரும் ஒரே ஆள் என்று முதலாளி கையெழுத்து வைத்து, கடைச் சீலும் குத்தித் தரவேண்டும். பிரெஞ்சில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. எங்கட சனம் அதை ‘ஒரே ஆள் கடிதம்’ என்று சொல்லும். அது இல்லாமல் போனால் இன்னொரு பதினாலு மாதம். ஊரில் இருக்கிற மகளுக்கு ஏழு வயது. அப்பாவைக் காட்டு என்று கேட்டால் போனைக் காட்டுகிற பிள்ளை.

“அண்ணை, அந்தக் கடிதம்…” என்று அவன் தொடங்கினால் மகாலிங்கம் கையைக் காட்டித் தடுப்பார்.

“முதல்லை அடிமை ஒழிப்பு முடியட்டும் தம்பி. எனக்கு இப்ப மண்டை முழுக்க விடுதலை.”

மன்றத்தின் செயலாளர் சீத்தாராமன். சென்னைக்காரர், கணினிக் கம்பெனியில் வேலை, புத்தகம் படிக்கிற நோய் உள்ளவர். அடுத்த கூட்டத்துக்கு அவர் அமெரிக்கச் சரித்திரத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தார்.

“அந்தக் காலத்துச் சீர்திருத்தவாதிங்க, அடிமைங்க விளைவிச்ச சர்க்கரையைத் தொட மாட்டாங்களாம் சார். பாய்காட்!”

உடனே தீர்மானம்: இனிமேல் மன்றக் கூட்டங்களில் சீனி இல்லாத தேத்தண்ணி. அடுத்த கிழமையே ஒரு திருத்தம்: பிரான்சில் விற்கிற சீனி பீற்றூட்டில் இருந்து வருவதாலும், பீற்றூட்டுக்கும் அடிமைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதாலும், ஆளுக்கு இரண்டு கரண்டி அனுமதிக்கப்படும்.

“மதுவிலக்குக்கும் போராடியிருக்காங்க சார்.”

குடிப்பதில்லை என்று எல்லாரும் எழுந்து நின்று சத்தியம் செய்தார்கள். பியர் தானியத்தில் செய்யப்படுவதால் அது உணவு வகையைச் சேரும் என்று பொருளாளர் விளக்கம் கொடுத்தபிறகுதான் உட்கார்ந்தார்கள்.

“பெண்களுக்கு மேடையில பேசற உரிமை…”

அதுவும் ஏகமனதாக நிறைவேறியது. வடைத்தட்டோடு மேலே வந்த மகாலிங்கத்தின் மனைவி யோகராணி வாசலில் நின்று கேட்டாள்.

“விழாவிலை பெண்களுக்கும் பேச்சு இருக்காம். ஆர் பேசுறது?”

“நான்தான்,” என்றார் மகாலிங்கம். “பெண்களின்ரை சார்பிலை.”

யோகராணி தட்டை வைத்துவிட்டுப் போனாள். அவள் வைத்த விதத்தில் இரண்டு வடை தட்டைவிட்டு வெளியேறின.

சீத்தாராமன் தொண்டையைச் செருமிக்கொண்டு முக்கியமான கட்டத்துக்கு வந்தார். “இதைக் கேளுங்க சார். தப்பிச்சு ஓடுன அடிமைங்க சில பேரு, வேற ஒருத்தரோட விடுதலைப் பத்திரத்தை வாங்கிட்டு, நான்தான் அந்த ஆளுன்னு சொல்லி ரயில் ஏறியிருக்காங்க. பத்திரத்துல எழுதியிருக்கற அடையாளம் கொஞ்சங்கூட ஒத்துப்போகாது. மாட்டினா உயிரு போச்சு!”

மகாலிங்கத்தின் கண் கலங்கியது. நடிப்பில்லை, உண்மையாகவே கலங்கியது. “என்ன துணிவு!” என்றார். “அடுத்தவன்ரை பேரிலை வாழுறதெண்டால் அந்த மனிசனுக்கு நெஞ்சு எப்பிடி வெந்திருக்கும்! கடவுளே!”

தேத்தண்ணி கொண்டுவந்த கஜன் தட்டை மேசையில் வைத்தான். இதைவிட நல்ல நேரம் இனி வராது என்று நினைத்தான். “அண்ணை, நானும் அப்பிடித்தானே…”

“தம்பி, இது சரித்திரம். குறுக்கை கதைக்காதை.”

ஆனாலும் விடயம் சபைக்கு வந்துவிட்டது. வந்தால் விவாதிக்கத்தானே வேண்டும்? அமெரிக்காவில் உடனடி விடுதலைக் கட்சி, படிப்படி விடுதலைக் கட்சி என்று இரண்டு இருந்தனவாம். அப்படியானால் நாங்களும் இரண்டாகப் பிரியவேண்டும், இல்லாவிட்டால் வாசிக்காமல் வந்தோம் என்று சனம் நினைக்கும் என்றார் தலைவர். பிரிந்தார்கள். அமெரிக்க அடிமைகள் விஷயத்தில் மகாலிங்கம் உடனடிக் கட்சி. கஜன் விஷயத்தில் படிப்படிக் கட்சி.

“விளங்கிக்கொள் தம்பி. நான் கையெழுத்து வைச்சால், ஆள்மாறாட்டம் தெரிஞ்சே உன்னை வைச்சிருந்தனான் எண்டு ஆகும். நாளைக்கு அவங்கள் கடைக்கு வந்தால்? உபகுழு ஒண்டு போட்டிருக்கு. அது பாக்கும்.”

உபகுழுவில் மூன்று பேர். மூன்று பேரும் மகாலிங்கத்தின் மச்சான்மார். அவர்கள் விடயத்தை விழாவுக்குப் பிறகு ஆராய்வதென்று விழாவுக்கு முன்பே முடிவெடுத்தார்கள்.

விழாவுக்கு ஒரு நாடகம் வேண்டுமென்று பிறகு தோன்றியது. பருத்தித்தோட்ட முதலாளி ஒருவர் மனம் திருந்தி, தன் அடிமைக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கிற காட்சி. தோட்ட முதலாளியை எங்கட ஆட்களுக்கு ‘துரை’ என்றுதான் தெரியும், ஆகவே பாத்திரத்தின் பெயர் தொம்சன் துரை. அந்த வேஷத்தை மகாலிங்கம் வேறொருவருக்கும் விடவில்லை. அடிமைக்கு ஆள் தேடியபோது சபையில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளின் தகப்பன்மார் அடிமையாக நடிக்கலாமோ?

“எங்கட பெடியன் ஒருத்தன் கீழை நிக்கிறான்,” என்றார் மகாலிங்கம். “அவனுக்கு ஒத்திகையும் தேவையில்லை.”

அன்று பின்னேரம் கஜன் பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதான். யோகராணி கண்டுவிட்டாள். அவள் ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை.

“விசரா, ஏன் அழுறாய்? நாடகத்திலை அந்தாள் பத்திரத்திலை கையெழுத்து வைக்கவேணும், என்ன?”

“ஓம் அக்கா.”

“பத்திரத்திலை என்ன எழுதியிருக்கெண்டு நாடகத்திலை இருக்கோ?”

“இல்லை.”

“அப்ப உன்ரை கடிதத்தை அடிச்சு என்னட்டைத் தா. கடைச் சீலும் என்னட்டைத்தான் இருக்கு. கண்ணாடி இல்லாமல் அந்தாளுக்கு ஒண்டும் தெரியாது. துரைக்குக் கண்ணாடி பொருந்தாது எண்டு நானே சொல்லிவிடுறன்.”

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் நகரசபைப் பிரதிநிதி மதாம் செசில், கையில் அழைப்பிதழோடு. மகாலிங்கம் தொப்பியும் நீளக் கோட்டுமாக வந்தார். கஜன் சாக்குச் சட்டையோடு முழங்காலில் நின்றான். துரை நாலு பக்க வசனத்தைப் பேசி முடித்து, யோகராணி நீட்டிய தாளை மேசையில் விரித்து, இறகுப் பேனையைச் சுழற்றிக் கையெழுத்து வைத்தார். யோகராணி பாய்ந்து கடைச் சீலைக் குத்தினாள். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. மதாம் செசில் எழுந்து நின்று கண்ணைத் துடைத்தார். கஜனும் அழுதான், சனம் அதை அபார நடிப்பு என்று சொன்னது.

செவ்வாய்க்கிழமை விசாக் கந்தோரில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அம்மா கடிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“உங்கள் முதலாளியின் பெயர்?”

“மகாலிங்கம்.”

“கையெழுத்து தொம்சன் என்று இருக்கிறதே?”

கஜன் எட்டிப் பார்த்தான். பாழாய்ப்போன மனிசன்! வேஷத்தில் அப்படியே ஊறிப்போய், கொட்டை எழுத்தில் தொம்சன் என்று எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தார்.

“மதாம்… தொம்சனும் மகாலிங்கமும் ஒரே ஆள்.”

கோபப்படுவார் என்று பயந்தான். அந்த அம்மாவின் முகத்திலோ ஒரு நிம்மதி. பழக்கப்பட்ட சிக்கல் ஒன்று கிடைத்துவிட்டது.

“அப்படியானால் ஒரே ஆள் கடிதம் தேவை.”

“அதுதானே உங்கள் கையில் இருக்கிறது?”

“இது உங்களுக்கானது. நான் கேட்பது உங்கள் முதலாளிக்கானது. எட்டு நாள் தருகிறேன்.”

விஷயம் தெரிந்ததும் மகாலிங்கம் கடை அதிரக் கத்தினார். யோகராணி விடவில்லை. “அந்த நகரசபைப் பொம்பிளை எழும்பி நிண்டு கைதட்டினவ. இப்ப கையெழுத்து என்ரை இல்லை எண்டு போய்ச் சொல்லுங்கோவன். அடுத்த வருஷம் மண்டபம் கிடைச்ச மாதிரித்தான்!” மகாலிங்கம் அடங்கினார். மதாம் செசில் சந்தோஷமாகவே எழுதிக் கொடுத்தார்: லா சப்பல் உணவக உரிமையாளர் மகாலிங்கம் அவர்களும், தென் கரோலினாப் பருத்தித்தோட்ட உரிமையாளர் தொம்சன் அவர்களும் ஒரே ஆள் என்பதை மார்ச் பன்னிரண்டாம் திகதி என் கண்ணால் கண்டேன். கீழே நகரசபையின் வட்டச் சீல்.

கந்தோர் அம்மா எழுத்தைக் கனநேரம் பார்க்கவில்லை. சீல் வட்டமாக இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. கோப்பு பூர்த்தியானது.

செப்டெம்பரில் கஜனுக்குக் காட் வந்தது. சொந்தப் பெயர், சொந்தப் படம், சுருட்டை முடி. அவன் அதைப் போனில் மகளுக்குக் காட்டினான். இது ஆரப்பா என்று பிள்ளை கேட்க, இவன் காட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினான்.

மகாலிங்கம் கடையில் ஒரு விருந்து வைத்தார். தன் கையெழுத்தால் ஒரு மனிதன் விடுதலையடைந்தான் என்பதைக் கோடை முழுக்க அவரே ஊருக்குச் சொல்லித் திரிந்திருந்தார். ஸ்ரனிஸ்லாஸும் வந்து மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். ஐந்து வருஷத் தட்டும் கஜன் கழுவியது என்று ஆகிவிட, அவருடைய ஓய்வூதியத்தில் ஐந்து வருஷம் காற்றாய்ப் போய்விட்டது.

“இண்டைக்கு எங்கட கஜன் ஒரு சுதந்திர மனிசன்!” என்று மகாலிங்கம் தானிய உணவு நிறைந்த கிளாஸைத் தூக்கினார்.

“ஓம் அண்ணை,” என்று கஜன் காட்டை எடுத்து மேசையில் வைத்தான். “அடுத்த செப்டெம்பர் இருபது வரைக்கும்.”

“என்ன?”

“காட் ஒரு வருஷத்துக்குத்தான். புதுப்பிக்கிறதுக்கு முதலாளியின்ரை கடிதம் வேணும். கையெழுத்து கோப்பிலை இருக்கிற மாதிரியே இருக்கவேணுமாம். தொம்சன் எண்டு.”

மேசை வெடித்துச் சிரித்தது. பிறகு சிரிப்பு ஒரு பக்கத்தில் இருந்து அடங்கத் தொடங்கியது. ஒருவர் சட்டைப்பையில் கைவிட்டுத் தன் காட்டை எடுத்துத் திகதியைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரும் எடுத்தார். மச்சான்மார் மூவரும் எடுத்தார்கள். ஒரு வருஷக்காரர், நாலு வருஷக்காரர், பத்து வருஷக்காரர் எல்லாரும் தலையைக் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். மகாலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன்னுடையதைப் பார்த்தார். பார்த்தபடியே கதிரையில் இருந்தார்.

“ஆகஸ்ட் ஆறு,” என்றார். “ஆகஸ்ட் ஆறோடை முடிஞ்சுது.”

அமெரிக்க அடிமைகளோடு கிடந்த மனிசன், தன் பத்து வருஷம் முடிந்ததைக் கவனிக்கவில்லை. வங்கி, கடை உரிமம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் அந்தக் காட்டின் பெயரில்தான் ஓடுகிறது.

“சந்திப்புக்கு எவ்வளவு நாள் செல்லும் தம்பி?”

“இப்ப பதினாறு மாதமாம் அண்ணை.”

மகாலிங்கம் மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகப் பார்த்தார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

“அதுவரைக்கும் ஆராவது… தங்கட காட்டை எனக்கு ஒருக்கால்…”

வெளியே எடுத்த காட்டுகள் ஒவ்வொன்றாகச் சட்டைப்பைக்குள் போயின. முதலில் போனது கஜனுடையது.