திரையிலேயே அடைபட்ட ஏரிக்கரை

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. ஏரி இருந்தால் கரை இருக்கும், கரை இருந்தால் அதில் ஓர் ஓட்டை இருக்கும், ஓட்டை இருந்தால் அதைப் பற்றிப் பேச ஓர் அலுவலகம் இருக்கும். இந்தக் காட்டில் எல்லாம் குறைவில்லாமல் இருந்தன.

அலுவலகத்துக்குத் தலைவர் அம்பலத்தார் என்கிற யானை. நல்ல மனசு, உரல் மாதிரி கால்கள். மூளையை மட்டும் சாதுரியன் என்கிற நரியிடம் கொடுத்து வைத்திருந்தார். நரிக்கு நாட்டாமை கொடுத்தால் கிடைக்கு ரெண்டு ஆடு கேட்கும் என்பார்கள். இந்த நரி ஆடு கேட்கவில்லை, ஒரு கம்ப்யூட்டர் கேட்டது. மேட்டின் மேல் இருந்த அலுவலகத்தில் அந்தக் கம்ப்யூட்டரும் வந்து உட்கார்ந்திருந்தது.

கரைக்குக் கீழே வளை தோண்டிக் குடியிருந்தவள் மாணிக்கத்தாய் என்கிற முயல். குட்டிகளுக்கு இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. ஒரு நாள் காலையில் வளைக்குள் ஈரம் தட்டியது. வெளியே வந்து பார்த்தால் கரையில் கசிவு. கிழக்கே வானம் கறுத்துக் கிடந்தது. அடித்துப் பிடித்து அலுவலகத்துக்கு ஓடினாள்.

"ஐயா, கரையில தண்ணி கசியுது. கொஞ்சம் மண்ணைத் தள்ளி, உங்க காலால ரெண்டு மிதி மிதிச்சா நின்னுடும். மழை புடிச்சுதுன்னா என் புள்ளைங்க பொழைக்காதுங்க."

"அட, இதுக்குப் போயா அழுவுற? வா, போவோம்" என்று யானை எழுந்து, ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தும் விட்டது. கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தால் நரிக்கு என்ன வேலை?

"தலைவரே, நில்லுங்க" என்றது நரி. "பட்டியல்ல ஏத்தாம ஒரு வேலையைச் செஞ்சா, செஞ்சதுக்கு என்ன சாட்சி? பக்கத்துக் காட்டுல எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தித்தான் செய்யறாங்க. நாமளும் ஒரு நல்ல சாஃப்ட்வேரா பார்த்துப் போட்டுக்குவோம். முதல் வேலையா இதையே ஏத்திடலாம்."

யானை வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டது.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் கூத்து! வேலைப் பட்டியல் போடும் மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு. மயில் வந்து, "என் தோகையில இருக்கிற நிறம் ஒண்ணுகூட இதுல இல்லையே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆமை, "கெடு தேதி கேக்கிற சாஃப்ட்வேர் எங்க சாதியையே அவமானப்படுத்துது" என்று ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. வேலைகளைச் சீட்டுச் சீட்டாக ஒரு பத்தியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் மென்பொருள் குரங்குக்குப் பிடித்துப்போய்விட்டது. காலையிலிருந்து சாயங்காலம்வரை நகர்த்தியது. நகர்த்திவிட்டு, "இடுப்பு ஒடிஞ்சு போச்சுப்பா" என்று வேறு சொன்னது.

எல்லாவற்றையும் இலவசமாக ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டிப் பார்க்க மாதிரிக்கு ஒரு வேலை வேண்டுமே? 'ஏரிக்கரைக் கசிவை அடைக்க வேண்டும்' என்று நரி தட்டியது. முடிந்த வேலை எப்படித் தெரிகிறது என்று பார்க்க, பக்கத்திலேயே ஒரு டிக்கும் போட்டது. 'டிங்' என்று மணி அடித்துத் திரையெல்லாம் பூ கொட்டியது. குழு கை தட்டியது. அடுத்த மென்பொருளிலும் அதே கசிவு, அதே டிக், அதே கைதட்டல்.

எட்டிப் பார்த்த மாணிக்கத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "என் வேலை ஏறிடுச்சுங்களா?"

"அது சும்மா சோதனைக்கும்மா. நிஜமானது அப்புறம் ஏறும்" என்றது நரி.

குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போயிருக்கலாமே என்பீர்கள். தன் வேலையின் பெயரை ஒருமுறை திரையில் பார்த்துவிட்டவர்கள் போகமாட்டார்கள். ஏறப் போகிறது, நடந்துவிடும் என்று காத்திருப்பார்கள். நீங்கள் மட்டும் என்ன செய்கிறீர்களாம்?

அவள் தன் சின்னக் கைகளால் மண் அள்ளிப் போட்டாள். தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு போனது. மறுபடியும் யானையிடம் வந்தாள். "ஐயா, ஒரே ஒரு மிதி."

யானை தர்மசங்கடமாய் நெளிந்தது. "நானும் உன் பக்கந்தான் தாயி. ஆனா பட்டியல்ல இல்லாம மிதிச்சா அது வேலையில்ல, வெறும் நடைன்னு சொல்றாங்க. அதுவும் போக, இத்தனை தடவை அடைச்சாச்சே, இன்னுமா கசியுது?"

ஒருவழியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல நாள் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. வாசலில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார்கள். அம்பலத்தார் பக்தியோடு கண்ணை மூடி, அந்த உரல் காலைத் தூக்கி, ஒரே மிதி. பழம் கூழாகிவிட்டது. கரை கேட்ட மிதியை எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டது.

அதே நேரம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கரை உடைந்தது.

மாணிக்கத்தாய் ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்வி, நீந்தியும் விழுந்தும் மேட்டுக்குக் கொண்டுவந்தாள். கடைசிக் குட்டிக்குப் போனபோது வளையே இல்லை. மிச்சமிருந்தவற்றை, சூடாக இருக்கிறதே என்று கம்ப்யூட்டரின் மேல் வைத்து, நடுங்கிக்கொண்டு நின்றாள். அழக்கூடத் தெம்பில்லை.

நரி பார்த்தது. "ஐயையோ, ஈரம் பட்டா கெட்டுடும்மா!" உடனே தட்டியது. புது மென்பொருளில் ஏறிய முதல் வேலை: 'கம்ப்யூட்டர் மேலிருக்கும் குட்டிகளை அகற்ற வேண்டும். அவசரம்.'

பட்டியலில் ஏறிவிட்டதல்லவா? அம்பலத்தார் கடமை தவறாதவர். தும்பிக்கையால் பூப்போல ஒவ்வொன்றாய் எடுத்து வெளியே மழையில் வைத்தார், கண்ணில் தண்ணீரோடு. 'டிங்.' பூ கொட்டியது.

"கசிவையும் இப்ப ஏத்திடுங்களேன்" என்றது யானை.

"கரையே இல்ல, கசிவு எங்கேருந்து தலைவரே வரும்?" என்ற நரி அதையும் ஏற்றி, அங்கேயே டிக் போட்டது. ஏற்றின எல்லா வேலையும் அன்றைக்கே முடித்த காடு என்று அந்த வருஷம் பரிசும் வந்தது.

நீதி: பொறுமையாக இருந்தால் செய்யாத வேலையும் தானே முடிந்துவிடும். நடுவில் யாராவது செத்தால் அது வேறு வேலை, தனியாக ஏற்றவும்.