நிக்கலஸின் பின் சில்லுகள்

"ரிவர்ஸ்," என்றான் சிப்பாய்.

நிக்கலஸ் காரைப் பின்னுக்கு எடுத்தார்.

"இப்ப ஸ்ரியரிங்கை முழுக்க வெட்டுங்க. அந்தப் பக்கம். சரி, இனி இந்தப் பக்கம்."

வெட்டினார். மூன்று சிப்பாய்கள் துவக்குகளை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, பின் சில்லுக்கு அருகில் குந்தியிருந்து பார்த்தார்கள். ஒருவன் மற்றவனின் காதுக்குள் ஏதோ சொன்னான். பிறகு மூவரும் எழும்பி, "ஹரி, யன்ன," என்று கையைக் காட்டிப் போகவிட்டார்கள்.

அந்தச் சோதனைச் சாவடியில் இது எட்டாவது நாள். அடையாள அட்டை கேட்கவில்லை. டிக்கியைத் திறக்கச் சொல்லவில்லை. அதுதான் நிக்கலஸை யோசிக்க வைத்தது. எல்லாத் தமிழரிடமும் கேட்பதைத் தன்னிடம் மட்டும் கேட்கவில்லை என்றால், வேறு ஏதோ பெரிதாகச் சந்தேகிக்கிறார்கள் என்றுதானே பொருள்?

கொட்டாஞ்சேனையில் வீடு, வெள்ளவத்தையில் இன்சூரன்ஸ் கந்தோர். கனடாவுக்குப் போன பழைய மனேஜர் விட்டுச்சென்ற வெள்ளை நிற ஜப்பான் கார் கைக்கு வந்து மூன்று கிழமைகூட ஆகவில்லை. புது மனேஜர், நேரம் பிந்தி வருகிறவர்களின் பெயருக்குக் கீழே அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு கீறுகிறவர். தலைமை லிகிதர் பதவி அடுத்த மாதம் காலியாகிறது. நிக்கலஸின் பெயருக்குக் கீழே ஏற்கெனவே ஆறு கோடுகள்.

"வேற றோட்டாலை போங்கோவன்," என்றாள் மனைவி மெற்றில்டா.

மறுநாள் ஆமர் வீதியைச் சுற்றிக்கொண்டு போனார். அங்கும் ஒரு சோதனைச் சாவடி. அங்கிருந்த சிப்பாய் காரைக் கண்டதும் கடித்துக்கொண்டிருந்த பணிஸைக் கீழே வைத்தான்.

"ரிவர்ஸ்," என்றான்.

செய்தி பரவிவிட்டது.

பின்னேரம் பக்கத்து வீட்டுக் கிளெமென்ற் வந்து காருக்குக் கீழே படுத்துப் பார்த்தார். துறைமுக வேக்‌ஷொப்பில் இருந்து இளைப்பாறியவர். எந்த இயந்திரத்துக்கும் ஒரு கருத்து வைத்திருப்பார்.

"தம்பி, உன்ரை காருக்குப் பின் சில்லும் திரும்புது."

"என்ன?"

"முன் சில்லை நீ இடப்பக்கம் வெட்டினா, பின் சில்லு தன்பாட்டிலை வலப்பக்கம் வெட்டுது. முன்பாதி நுகேகொடைக்குப் போகுது, பின்பாதி தெமட்டகொடைக்குப் போகுது. யுத்த காலத்திலை இப்பிடி ஒரு காரைக் கண்டா ஆமிக்காரன் என்ன நினைப்பான்? கீழை எதையோ பூட்டி வச்சிருக்கிறானெண்டுதான் நினைப்பான்."

"இப்ப என்ன அண்ணை செய்யிறது?"

"சின்ன வேலை. பியூஸைக் கழட்டினாச் சரி."

கிளெமென்ற் பியூஸைக் கழற்றினார். பின் சில்லுகள் அசையாமல் நின்றன. நிக்கலஸ் அதைச் சட்டைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் வண்டி சோதனைச் சாவடியை நெருங்கியபோது, முன்தட்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அதைத் தொடர்ந்து 'கீங்... கீங்... கீங்...' என்று உள்ளிருந்து ஒரு சத்தம்.

சிப்பாய் குனிந்து யன்னலுக்குள் காதைக் கொடுத்தான். அடுத்த கணம் மண்மூட்டைக்குப் பின்னால் பாய்ந்துவிட்டான்.

"கையைத் தூக்கிக்கொண்டு இறங்கு!"

நிக்கலஸ் இறங்கினார். வீதி அடைக்கப்பட்டது. பஸ்கள் சந்திவரைக்கும் அடைத்து நின்றன. கார் மட்டும் நடுவீதியில் தனியாக நின்று 'கீங்... கீங்...' என்றது.

"சேர், அது பியூஸ் இல்லாத சத்தம். பியூஸ் இஞ்சை பொக்கற்றுக்குள்ளை இருக்கு," என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே கையை இறக்கினார்.

"கையைப் பொக்கற்றுக்குள்ள விடாதே!" என்று ஆறு துவக்குகள் ஒன்றாகக் கத்தின.

குண்டு பார்க்கிறவர் வந்து, இரண்டு விரலால் அந்தப் பியூஸை எடுத்து, காருக்குள் பூட்டினார். சத்தம் நின்றது. அன்றைக்கு மட்டும் அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, கந்தோர்க் கடிதம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். சீற்றுகளைக் கழற்றி நடைபாதையில் வைத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு, சிப்பாய் மெல்ல வந்து, "ஒருக்கா ரிவர்ஸ் எடுங்க," என்றான். பின் சில்லு திரும்பியதைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

கந்தோருக்குப் போகும்போது ஒன்றரை மணி. மனேஜர் ஏழாவது கோட்டை இரண்டுமுறை கீறினார்.

"பியூஸ் சரிவராது தம்பி," என்றார் கிளெமென்ற், வேறு யாரோ சொன்ன யோசனையைக் குறை சொல்வதுபோல. "இதுக்கெண்டே வெளிநாட்டிலை ஒரு கிற் விக்கிறாங்கள். பின் சில்லைத் திருப்புற பெட்டியைக் கழட்டிப்போட்டு, அந்த இடத்திலை ஒரு இரும்புக் கம்பியைப் பூட்டுறது. பிறகு சில்லு செத்தாலும் திரும்பாது."

கப்பலில் வேலை செய்யும் அவருடைய சொந்தக்காரன் ஒருவன் சிங்கப்பூரிலிருந்து அதை வாங்கிவந்து கல்கிசையில் வைத்திருந்தான். காரில் போய் எடுக்க நிக்கலஸுக்குத் துணிவில்லை. மெற்றில்டா பஸ்ஸில் போனாள். இரண்டடி நீளக் கம்பி, இரண்டு பக்கமும் புரி வெட்டியது, நட்டுகள், இரும்புத் தகடுகள். எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வரும்போது, பஸ்ஸை மறித்துப் பொலிஸ்காரி ஒருத்தி ஏறினாள்.

"என்ன இது?"

"கேர்ட்டின் கம்பி, மிஸ்."

பொலிஸ்காரி தூக்கிப் பார்த்தாள். கை கீழே போய்விட்டது. "இவ்வளவு பாரமா?"

"கேர்ட்டினும் பாரம், மிஸ்."

வீட்டுக்கு வந்த மெற்றில்டா கம்பியைக் கட்டிலில் எறிந்தாள். "இனி உங்கடை காருக்காக நான் பொய் சொல்லமாட்டன். ஞாயிற்றுக்கிழமை இதையும் பாதரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லவேணும்."

தெமட்டகொடையில் தாஸிம் நாநாவின் கராஜில் கார் முழுச் சனிக்கிழமையும் உயரத்தில் நின்றது. தாஸிம் நாநா கழற்றிய பெட்டியை ஒரு குழந்தையைப் போலத் துடைத்து வைத்தார்.

"யோசிச்சுத்தான் செய்றீங்களா? இப்படிச் சாமான் உள்ள காரு கொழும்புல ரெண்டு மூணு கூட இல்ல."

"கழட்டுங்கோ நாநா. எனக்கு எல்லாற்றை காரும் மாதிரி ஒரு கார் இருந்தாக் காணும்."

கம்பி ஏறியது. விளக்கும் எரியவில்லை, சத்தமும் வரவில்லை. நிக்கலஸ் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வெளிக்கிட்டார்.

வீட்டுக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் திரும்பும்போது விசில் நின்றது. முன்பு ஒரே வெட்டில் உள்ளே போன கார், இப்போது பாதியில் குறுக்காக நின்றுகொண்டது. பின்னுக்கு எடுத்து, முன்னுக்கு எடுத்து, நாலாவது தரம் கிளெமென்றின் மதிலை உரசி, அவருடைய கடிதப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனது.

கிளெமென்ற் வெளியே வந்து கடிதப் பெட்டியைக் கையில் எடுத்தார்.

"நல்லாத் திரும்பின கார். ஆர் தம்பி உனக்குக் கம்பி போடச் சொன்னது?"

நிக்கலஸ் மதிலில் விழுந்த கீறலைத் தடவிப் பார்த்தார். மதிலைக் கட்டிக் கொடுக்கலாம். தினமும் நடுவீதியில் குற்றவாளிபோல ஸ்ரியரிங்கை வெட்டிக்கொண்டிருக்க முடியாது.

திங்கட்கிழமை காலை நல்ல சட்டை போட்டார். சோதனைச் சாவடியில் வழக்கத்தைவிடக் கூட்டம். பன்னிரண்டு சிப்பாய்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில், தொப்பியில் பட்டி மின்னும் அதிகாரி ஒருவர் கதிரையில் இருந்தார். இன்றைக்குத்தான் முடிவு கட்டப் போகிறார்கள் என்று நிக்கலஸுக்கு விளங்கியது. ஆனால் முதல் தடவையாக அவருக்குப் பயம் வரவில்லை.

தினமும் மறிக்கும் சிப்பாய் ஓடிவந்தான். "ரிவர்ஸ், மாத்தயா. மெல்லமா."

நிக்கலஸ் எடுத்தார். முழுக்க வெட்டினார். அதிகாரி கதிரையை விட்டு எழும்பி, காற்சட்டை மடிப்பைத் தூக்கிவிட்டுக் குந்தினார். பின்னால் பன்னிரண்டு பேரும் குந்தினார்கள்.

சில்லு அசையவில்லை.

"இன்னொருக்கா," என்றான் சிப்பாய். சில்லுக்கு இன்னும் கிட்டப்போய்க் குனிந்தான்.

அசையவில்லை. அதிகாரி எழும்பி முழங்காலைத் தட்டிவிட்டு, சிப்பாயை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய் ஜீப்பில் ஏறினார். மற்றவர்களும் கலைந்தார்கள்.

நிக்கலஸ் யன்னலால் தலையை நீட்டினார். "சேர், எல்லாத்தையும் கழட்டிப்போட்டன். இனி உங்களுக்கு ஒரு சந்தேகமும் வராது. இதுவும் இப்ப சாதாரணக் கார்தான்."

சிப்பாய் அவரைப் பார்த்தான். சாகப்போகிற ஆளைப் பார்ப்பதுபோல அவ்வளவு துக்கம் அந்த முகத்தில்.

"சந்தேகமா? ஐயோ மாத்தயா, அந்தச் சில்லு திரும்புற வடிவைப் பார்க்கத்தானே உங்களை நாங்க ஒவ்வொரு நாளும் மறிச்சது. சரி, சாதாரணக் கார்தானே, இறங்குங்க, ஐடென்டிட்டிய எடுங்க, டிக்கியத் திறங்க."