பத்தேகால் அங்குலக் கடல்

"பாப்பா இருக்கப்போற ஊரு எவ்வளவு தூரங்க?"

"கணக்குப் போட்டுச் சொல்றேன்."

மூன்று ஆண்டுகளுக்கு முன், மகளை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பிய பேருந்தில் தையற்காரரும் அவர் மனைவியும் பேசிக்கொண்டது இவ்வளவே. அதிலிருந்து மூண்ட மாபோரையே இங்கு பாடப் புகுகிறோம்.

வாழ்க, கழுத்தில் அளவுநாடா மாலை சூடிய வேந்தே! செவியிடுக்கில் பென்சில் வேல் தரித்தவரே! ஊரார் தொந்திகளையெல்லாம் வலம்வந்து அளந்தும் சலியாத உம் கரங்கள் பூமியின் இடுப்பையே வளைக்கத் துணிந்ததை என்னென்று புகழ்வோம்! தூரம் தெரியாமல் பயணமா என்பது வேந்தரின் கொள்கை. விமானம் ஏற அச்சம் என்பது அரச ரகசியம்.

ஒரு ஞாயிறு முற்பகல், துணி வெட்டும் மேசையே போர்க்களமாக, எதிர்நின்றார் அவருடைய சகலை. பேருந்து நிலையத்தின் நேரக் காப்பாளர். விசில் ஒன்றால் நாற்பது பேருந்துகளை நடுங்க வைத்தவர். தம் மகளின் உலக உருண்டையை அவர் நடுவில் வைக்க, வேந்தர் நாடாவை உருவி, இக்கரை விமான நிலையத்தில் கட்டைவிரலை ஊன்றி, திமிங்கிலங்களும் தீவுக்கூட்டங்களும் நாடாவின் அடியில் நசுங்க, அக்கரை விமான நிலையத்தைத் தொட்டார். பத்தேகால் அங்குலம்! தையலுக்கு விட வேண்டிய ஓர் அங்குலத்தையும் பழக்க தோஷத்தால் சேர்த்துக்கொண்டு, பதினோரேகால் அங்குலம் பறக்க உத்தேசமாகப் பதினாறு மணி நேரம் என்று முழங்கினார்.

சகலை விமானக் கால அட்டவணையைக் கேடயமாக உயர்த்தினார். "அண்ணே, காலைல பதினொண்ணுக்குக் கிளம்புது. அதே நாள் காலைல ஒன்பதுக்கு இறங்குது. மைனஸ் ரெண்டு மணி நேரம்."

கடலுக்கு அப்பால் கடிகாரம் வேறு என்பது அவ்வீரர் நினைவில் இல்லை. முப்பது ஆண்டுப் பணியில் கிளம்பும் முன்பே வந்துசேர்ந்த வண்டியை அவர் கண்டதில்லை; ஆயினும் அச்சடித்த அட்டவணை பொய்க்குமோ? அப்படியென்றால் ஏறவே வேண்டாமே என்று வேந்தர் எள்ளி நகையாட, உங்கள் நாடா நைந்துபோய் நீண்டுவிட்டது என்று சகலை மானத்தில் கைவைக்க, இரு யானைகள் மோதியதுபோல் மேசை ஆடிற்று. உருண்டை கீழே விழுந்து ஓடி, மனைவியின் காலடியில் நின்றது.

அவள் மூலையில் குட்டிக் கவுன் ஒன்றுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். அக்கரையில் பிறந்த பேத்திக்கு அது மூன்றாவது கவுன். மகள் தொலைபேசியில் சொன்ன அளவுக்குத் தைத்த முந்தைய இரண்டும், கொண்டுபோக ஆளில்லாமல் பீரோவிலேயே சிறிதாகிவிட்டன.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். உருண்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். வேந்தரின் கழுத்திலிருந்து நாடாவை உருவித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு ஒரு டிக்கெட் போடுங்க, குழந்தைக்கு நேர்ல அளவு எடுக்கணும்."