எஸ்.பி. ஏறியாச்சா?

ஒரு பெயரையும் முழுசாகச் சொல்லாமலே வாழ்ந்துவிட முடியும் என்று காட்டிய ஒரே மனிதர் எங்கள் போடியில்தான் இருக்கிறார். பட்டப்பெயர் ‘இனிசியல்’ அண்ணன். காலையில் ஏலத் தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்குப் போகும் ஜீப்பு அவருடையது. எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் நானும் அதில்தான் போவேன்.

ஆள் சரிபார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டார். “சி.எம். ஏறியாச்சா? பி.எம்.?” என்பார். செல்லமணியும் அவள் தங்கை பொன்மணியும் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்கள். சங்கரபாண்டியாகிய நான் எஸ்.பி. ஒருநாள் செக்போஸ்ட்டில், “எஸ்.பி. உள்ள தூங்குறாரு, வெரசா விடுங்க” என்றார். புதிதாக வந்திருந்த போலீஸ்காரர் விறைப்பாக சல்யூட் அடித்துவிட்டு எட்டிப் பார்த்தார். உர மூட்டைக்கு நடுவே வாயைப் பிளந்து கிடந்தேன். அப்புறம் எனக்குக் கிடைத்த மரியாதையை இங்கே எழுத முடியாது.

எங்கள் முழுப் பெயர் தெரியாததால்தான் சுருக்குகிறார் என்று பேசிக்கொள்வோம். செல்லமணி நேரடியாகவே கேட்டாள்: “அண்ணே, எம் பேரு முழுசாத் தெரியுமா?”

“ஏறுத்தா, மேல மூட்டம் போடுது” என்று வண்டியைக் கிளப்பிவிட்டார்.

ஒரு காலையில் வாட்ஸ்அப்பில் அண்ணனிடமிருந்து, ‘ஐ.சி.யு.ல இருக்கேன். வெரசா வாங்க’ என்று செய்தி. ஐயோ! அவருக்குக் கல்யாணமும் இல்லை, உடன்பிறந்தாரும் இல்லை. அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே ஆளைக் காணோம். போன் போட்டால், “இட்லிக்கடை சின்ன உமா. ஐ.சி.யு. இதுகூடத் தெரியலையா?” என்கிறார், வாய் நிறைய இட்லியோடு!

போன மாதம் அதே செய்தி மறுபடி வந்தது. சிரித்துக்கொண்டே இட்லிக்கடைக்கு நடந்தோம். கடை பூட்டியிருந்தது.

“உமாக்கா ஊருக்குல்ல போயிருக்கு,” என்றாள் பொன்மணி. “அப்ப அண்ணன் எங்கடி?” என்றாள் செல்லமணி.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அன்று ஒருவரும் தோட்டத்துக்குப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா வழியை மறித்தார். “நெஞ்சு வலின்னு தானே ஆட்டோ புடிச்சு வந்துட்டாரு. சொந்தக்காரங்க மட்டும் உள்ள வரலாம். நீங்கள்லாம் யாரு?”

“தினமும் இவரு ஜீப்புல போறவங்க” என்றேன். நர்ஸம்மா கதவைத் திறந்து கட்டிலைப் பார்த்து, “ஐயா, இவங்கள்ல யாரு உங்க ஆளு?” என்று கேட்டார்.

அண்ணன் மெதுவாகத் தலையைத் திருப்பினார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: “அது செல்லமணி, ராசாத்தி மக. பக்கத்துல அவ தங்கச்சி பொன்மணி…” ஒருவரையும் விடவில்லை. எல்லாரையும் முழுப் பெயரோடு சொன்னார். கடைசியில், “அந்தா, மூக்கை உறிஞ்சிக்கிட்டு நிக்கிறான் பாருங்க, பெருமாள் மகன் சங்கரபாண்டி. எல்லாம் நம்ம ஆளுகதாம்மா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது தேறிவிட்டார், ஜீப்பும் ஓடுகிறது. “எஸ்.பி. ஏறியாச்சா?” என்று தினமும் கேட்கிறார். என் முழுப் பெயரை அவர் வாயால் ஒருமுறை கேட்டாயிற்று. எனக்கு அது போதும். “ஏறியாச்சுண்ணே” என்கிறேன்.